பல்லேடியம் சவ்வில் ஹைட்ரஜனைப் பிரிப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

2025 ஜூலையில் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியின் சோதனை வெற்றி என்று அறிவித்தார்கள். அதற்கு அப்புறம் சென்னையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பலர் ப்ராஜெக்டுக்கு ஹைட்ரஜனையே எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் யோசனை எல்லாம் ஹைட்ரஜனை எப்படித் தயாரிப்பது என்பதோடு நின்றுவிடுகிறது. மீத்தேனில் இருந்து எடுங்கள், மெத்தனாலில் இருந்து எடுங்கள், அம்மோனியாவை உடைத்து எடுங்கள், எப்படி எடுத்தாலும் குழாயின் மறுமுனையில் வருவது கலவைதான். எடுக்கும் வழியைப் பொறுத்து அதில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும், கார்பன் மோனாக்சைடு இருக்கும், நைட்ரஜன் இருக்கும், நீராவி இருக்கும். ஹைட்ரஜனில் இருந்து மின்சாரம் எடுத்து ஓடும் ஃப்யூயல் செல் வண்டிக்குப் போடும் ஹைட்ரஜன் 99.97 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும், அதில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 14687 தரநிலை. கலவைக்கும் இந்தச் சுத்தத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்க ஒரு வழி உலோகச் சவ்வு, அதாவது ஹைட்ரஜனை மட்டும் தன் வழியே விடும் மெல்லிய உலோகத் தகடு. அதற்கு அதிகம் பயன்படுவது பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம்.

இந்தக் கட்டுரை கல்லூரி ஆய்வகத்திலோ சின்ன நிறுவனத்திலோ முதல்முறையாக ஒரு பல்லேடியம் சவ்வைப் பொருத்தி ஓட்டப்போகிறவர்களுக்கு. எக்ஸாஸ்ட், வாயு டிடெக்டர், பாதுகாப்பு தெரிந்த ஒரு மூத்தவர், இந்த மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம். மொட்டை மாடியில் செய்து பார்க்கும் வேலை இல்லை இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் எந்தச் சவ்வை வாங்குவது, எங்கே வாங்குவது என்பதிலேயே முக்கால்வாசி நேரத்தைச் செலவழிக்கிறார்கள். சவ்வு பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அதில் இல்லை. எந்த வெப்பநிலையில், எந்த வாயுவை, எந்த வரிசையில் உள்ளே விட்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

1866இல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், பல்லேடியம் தன் பருமனைப் போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ளிழுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். வடிகட்டியில் இருப்பது போல இதில் துளைகள் இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு பல்லேடியத்தின் மேற்பரப்பில் ஒட்டி இரண்டு அணுக்களாகப் பிரிகிறது, அந்த அணுக்கள் உலோகத்துக்குள் கரைந்து ஊர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்கின்றன, அங்கே மறுபடி ஜோடி சேர்ந்து வாயுவாக வெளியே வருகின்றன. நைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ இப்படி உள்ளே கரையாது. அதனால் ஓட்டை இல்லாத பல்லேடியத்தின் மறுபக்கம் வருவது ஹைட்ரஜன் மட்டும்தான். எல்.ஈ.டி., செமிகண்டக்டர் தொழிற்சாலைகளில் மிகமிகச் சுத்தமான ஹைட்ரஜனுக்கு இன்றும் பல்லேடியத்தை நம்புவது இதனால்தான்.

அணுக்களாகப் பிரிந்து கரைவதால் ஒரு விளைவு உண்டு. ஹைட்ரஜனின் ஓட்டம் அழுத்தத்துக்கு நேராக இல்லாமல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. இதற்கு அடிப்படை சீவர்ட்ஸ் விதி. கலவை வாயு வந்து சேரும் பக்கத்தை உள்பக்கம் என்றும், பிரிந்த ஹைட்ரஜன் வரும் பக்கத்தை வெளிப்பக்கம் என்றும் சொல்கிறேன். கணக்கு இவ்வளவுதான்:

ஓட்டம் = (ஊடுருவுதிறன் ÷ தடிமன்) × (√உள்பக்க ஹைட்ரஜன் அழுத்தம் − √வெளிப்பக்க ஹைட்ரஜன் அழுத்தம்)

ஊடுருவுதிறன் என்பது உலோகம் ஹைட்ரஜனை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதன் அளவு. 400 டிகிரி செல்சியஸில் தூய பல்லேடியத்துக்கு அதைச் சுமார் 1.3 × 10⁻⁸ என்று வைத்துக்கொள்ளலாம் (மோல், மீட்டர், விநாடி, பாஸ்கலின் வர்க்கமூலம் என்ற அலகுகளில்). 25 மைக்ரான் தடிமனுள்ள ஃபாயில், உள்ளே 4 பார், வெளியே 1 பார் என்று போட்டுப் பாருங்கள். 4 பார் என்பது 4,00,000 பாஸ்கல், அதன் வர்க்கமூலம் 632. 1 பாருக்கு 316. வித்தியாசம் 316. சதுர மீட்டருக்கு விநாடிக்கு 0.16 மோல் வரும். உங்கள் சவ்வு 5 சதுர சென்டிமீட்டர் என்றால், சென்னையின் 30 டிகிரி அறையில் நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இங்கே நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று: ரெகுலேட்டர் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை. மீட்டரில் 3 என்றால் கணக்கில் 4. வர்க்கமூலத்துக்குள் 3ஐப் போட்டால் விடை தப்பு, அப்புறம் சவ்வு எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதி வைத்துவிடுவீர்கள்.

உங்களுக்கு இது தேவையா

மணலியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலை அளவுக்கு ஹைட்ரஜன் வேண்டும் என்றால் பல்லேடியத்தை நினைக்க வேண்டாம். அந்த அளவுக்கு அழுத்தத்தை ஏற்றி இறக்கி உறிஞ்சிகளால் பிரிக்கும் பி.எஸ்.ஏ. முறைதான் சரி, உலகம் முழுக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ரொம்பச் சுத்தம் வேண்டாம், விலை முக்கியம் என்றால் பாலிமர் சவ்வு இருக்கிறது. உலோகச் சவ்வு நிற்கும் இடம் வேறு: அளவு குறைவு, சுத்தம் அதிகம், வாயு ஏற்கெனவே சில நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. அம்மோனியா உடைக்கும் அடுப்பு, மெத்தனாலில் இருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ரிஃபார்மர் இரண்டும் இதற்குப் பொருந்தும்.

பல்லேடியம் மட்டும்தான் வழியா என்று கேட்பார்கள். வனேடியம், நியோபியம் எல்லாம் ஹைட்ரஜனைப் பல்லேடியத்தைவிட வேகமாகக் கடத்தும், ஆனால் மேற்பரப்பு சட்டென்று ஆக்சைடு பூத்துவிடும், ஹைட்ரஜன் நிறையக் குடித்தால் நொறுங்கியும் போகும். அதனால் அவற்றின் மேலும் பல்லேடியம் பூச வேண்டியிருக்கிறது. நிக்கல் மலிவு, கெட்டி, ஆனால் கடத்துவது மிகக் குறைவு. அந்த நிக்கலுக்கும் ஒரு அழகான வேலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்தில் வேக ஈனுலை என்ற வகை அணு உலைக்கு வெப்பம் கடத்தத் திரவ சோடியத்தைப் பயன்படுத்துகிறார்கள். நீராவிக் குழாயில் மயிரிழை ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் சோடியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் உண்டாகும். அதை உடனே கண்டுபிடிக்க, சூடான சோடியம் மெல்லிய நிக்கல் குழாயை உரசிப் போகும்படி வைத்து, உள்ளே ஊடுருவி வரும் ஹைட்ரஜனை அளக்கிறார்கள். பிரிப்பதற்குப் போதாத உலோகம், கண்டுபிடிப்பதற்குத் தாராளமாகப் போதும்.

எதை வாங்குவது

முதல் சவ்வுக்கு என் பரிந்துரை: பல்லேடியத்தோடு 23 முதல் 25 சதவீதம் வெள்ளி கலந்த ஃபாயில், 25 மைக்ரான், 30 மில்லிமீட்டர் வட்டம். பல்லேடியம் என்றதும் பயப்படாதீர்கள், இந்த வட்டத்தின் எடை கால் கிராம்கூட வராது. வெள்ளி கலப்பதால் இரண்டு லாபம். ஓட்டம் கூடுகிறது, அதைவிட முக்கியமாக, உடையும் குணம் வெகுவாகக் குறைகிறது (ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்). கந்தகம் உள்ள வாயு என்றால் 40 சதவீதம் செம்பு கலந்தது ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, நுண்துளைக் குழாயின் மேல் நாமே 5 மைக்ரான் பல்லேடியம் பூசிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஹைட்ரசீன் சேர்த்த அம்மோனியாக் கரைசலில் மின்சாரம் இல்லாமல் பூசும் முறை அது, கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஹைட்ரசீன் நச்சு, பூச்சில் ஊசித்துளை இல்லாமல் வரவைப்பது தனி வித்தை, அதைக் கற்கவே ஒரு செமஸ்டர் போய்விடும். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். முதலில் ஃபாயிலில் ஓட்டிக் கை பழகட்டும்.

ஃபாயில் வந்ததும் வெறும் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசை சூட்டில் கரியாகப் படியும். கையுறையோடு, முனை மழுங்கிய இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசுங்கள். அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு ஃபாயிலுக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி மின்னும். மின்னினால் அதைப் பொருத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

மற்ற சாமான்கள் எல்லாம் சென்னையிலேயே கிடைக்கும். 316 ஸ்டீல் குழாய், வால்வுகளுக்குப் பாரிமுனையில் செம்புதாஸ் தெரு. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலர், அதை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள், சாலிட் ஸ்டேட் ரிலே எல்லாவற்றுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். ஃபாயிலை நடுவில் வைத்து போல்ட்டால் இறுக்கும் ஃபிளாஞ்ச் கடைய, ஆர்கான் வெல்டிங் வைக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் ஏராளம். பட்டறைக்காரரிடம் வரைபடத்தை மட்டும் நீட்டாமல், உள்ளே ஹைட்ரஜன் ஓடும், 400 டிகிரி சூடு என்று வாயால் சொல்லுங்கள். அதைக் கேட்டால் வெல்டிங்கை அவர்கள் வேறு கவனத்தோடு செய்வார்கள்.

பொருத்துவது

25 மைக்ரான் ஃபாயில் தனியாக 3 பார் வித்தியாசத்தைத் தாங்காது. வெளிப்பக்கம் நுண்துளை ஸ்டீல் வட்டு ஒன்றைத் தாங்கலாக வைக்க வேண்டும். ஸ்டீலும் பல்லேடியமும் சூட்டில் நேராக உரசிக்கொண்டிருந்தால் இரும்பு மெல்ல மெல்லப் பல்லேடியத்துக்குள் ஊறி ஓட்டத்தைக் குறைத்துவிடும், அதனால் நடுவில் மெல்லிய செராமிக் ஃபெல்ட். சீலுக்கு இரண்டு பக்கமும் கிராஃபைட் கேஸ்கெட். ரப்பர் ஓ-ரிங், டெஃப்லான் டேப் இரண்டும் சூடான பகுதிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. போல்ட்டுகளைக் குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஃபாயிலில் சுருக்கம் விழும்.

தாங்கல் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் வெளிப்பக்க அழுத்தம் எந்த நேரத்திலும் உள்பக்கத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஃபாயில் பலூன் மாதிரி உப்பிக் கிழியும்.

தெர்மோகப்பிளை, சவ்வைச் சூடேற்றும் ஃபர்னஸின் சுவரில் வைத்துவிட்டு அதுதான் சவ்வின் வெப்பநிலை என்று நினைப்பவர்கள் அதிகம். சுவருக்கும் சவ்வுக்கும் பல பத்து டிகிரி வித்தியாசம் இருக்கலாம். ஃபிளாஞ்சில் ஒரு துளை போட்டு, ஃபாயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் சிலிண்டர் சிவப்பு நிறம், நைட்ரஜன் சாம்பல் உடம்பும் கருப்புக் கழுத்தும். ஹைட்ரஜன் ரெகுலேட்டரின் மரை இடப்பக்கம் சுற்றுவது, நட்டின் விளிம்பில் சின்ன வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். வழக்கம்போல வலப்பக்கம் சுற்றி முறுக்கிப் பார்த்து மரையை அழித்துவிடாதீர்கள். சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். சிலிண்டர் எத்தனை வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்பதற்கு 2016 கேஸ் சிலிண்டர் விதிகள் இருக்கின்றன, வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் பொறுப்பில். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரைக் கேட்காமல் சிலிண்டரை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். சுவிட்சில் வரும் பொறியே போதும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. லேசான வாயு என்பதால் கசிந்தால் கூரைக்குப் போய்த் தங்கும், அதனால் டிடெக்டரை மேசைமேல் வைத்துப் பயனில்லை, கூரையை ஒட்டி வைக்க வேண்டும். ஏ.சி. போட்டு ஜன்னலை எல்லாம் சாத்திய அறை இதற்கு ஆகவே ஆகாது. வெளியேறும் வாயுவைக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களுக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள், குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் இறங்கி அடைத்துக்கொண்டால், வெளிப்பக்க அழுத்தம் ஏறும், அப்புறம் மேலே சொன்ன பலூன் கதைதான்.

ஹைட்ரஜனுக்கு முன்னால் நைட்ரஜன்

எல்லாம் பொருத்தியதும் ஹைட்ரஜனைத் திறக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். முதலில் நைட்ரஜனில் 3 பார் ஏற்றி, வால்வை மூடி, மீட்டரைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். காலையில் ஆரம்பித்து மதியம் முடித்தால் அறை சூடேறி அழுத்தம் தானாகவே ஏறும், அது கசிவை மறைத்துவிடும், அதனால் அறை வெப்பநிலையையும் சேர்த்தே குறியுங்கள்.

அப்புறம் வெளிப்பக்கக் குழாயில் சவ்வைத் தாண்டி நைட்ரஜன் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பியூரெட்டின் அடியில் சோப்புக் கரைசலை வைத்து வாயுவை விட்டால் ஒரு மெல்லிய சோப்புப் படலம் கண்ணாடிக்குள் ஏறும், அது ஏறும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் பிடிப்பதுதான் அளவு. விலை உயர்ந்த மீட்டர்களைச் சரிபார்க்கவே பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நைட்ரஜன் கசிவு மிகச் சின்னது, 50 மில்லி பியூரெட்டில் படலம் நகர்வதே தெரியாது. 1 மில்லி பிப்பெட்டை மாட்டுங்கள். ஒரு கோட்டில் இருந்து அடுத்த கோட்டுக்குப் படலம் நகரப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எவ்வளவு கசிவு வரை சரி? மேலே ஹைட்ரஜன் ஓட்டம் நிமிடத்துக்கு 120 மில்லி என்று கணக்குப் போட்டோம் இல்லையா. நைட்ரஜன் நிமிடத்துக்கு 0.1 மில்லி கசிந்தால்கூட உங்கள் சுத்தம் 99.9 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். ஃப்யூயல் செல்லுக்குக் கேட்கும் 99.97ஐத் தொட வேண்டும் என்றால் கசிவு 0.03 மில்லிக்குள் இருக்க வேண்டும். 0.1 மில்லி என்பது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் கசிவு அதிகம் என்றால் சூடேற்றிப் பயனில்லை, பிரித்து மறுபடி பொருத்துங்கள்.

சூடேற்றுவது

கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

தூய பல்லேடியத்துக்குச் சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் ஹைட்ரஜனைக் குடிக்கும்போது உலோகம் ஒரே சீராக விரியாமல் இரண்டு வடிவங்களாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் குறைவான ஆல்பா, ஹைட்ரஜன் நிறைந்த பீட்டா. பீட்டாவின் அணு இடைவெளி மூன்றரை சதவீதம் அளவுக்குக் கூடுதல், பருமனில் பார்த்தால் கிட்டத்தட்ட பத்து சதவீதம். ஒரே ஃபாயிலுக்குள் ஒரு இடம் பத்து சதவீதம் உப்பி, பக்கத்து இடம் உப்பாமல் இருந்தால் என்ன ஆகும்? நெளியும், சுருக்கம் விழும், சில தடவை இப்படி ஏறி இறங்கினால் விரிசல் விட்டுவிடும். வெள்ளி கலந்த ஃபாயிலில் இந்த எல்லை அறை வெப்பநிலை வரை இறங்கிவிடுவதால் ஆபத்து குறைவு. ஆனாலும் பழக்கத்தைத் தூய பல்லேடியத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு சவ்வு கைக்கு வரும்போது கை தானாகச் சரியாகச் செய்யும்.

அதாவது, இரண்டு பக்கமும் நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, நிமிடத்துக்கு 2 டிகிரி வேகத்தில் 400 வரை ஏற்றுங்கள். அவசரம் வேண்டாம், மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும். 400இல் அரை மணி நேரம் நின்ற பிறகு நைட்ரஜன் கசிவை மறுபடி ஒருமுறை அளந்து எழுதுங்கள். அதற்கு அப்புறம்தான் ஹைட்ரஜன். நைட்ரஜனை மூடிவிட்டு ஹைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, அரை பார் அரை பாராக ஏற்றுங்கள்.

முதல் சில மணி நேரம் ஓட்டம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், மேற்பரப்பு சுத்தமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிலைக்கு வந்ததும் பியூரெட்டில் அளங்கள். 50 மில்லியைப் படலம் 24, 25 விநாடியில் கடந்தால் கணக்கோடு ஒத்துப்போகிறது, வெள்ளி கலந்தது என்றால் இன்னும் வேகமாகவே ஏறும். ஒரு சின்னத் திருத்தம்: சோப்புக் கரைசலைத் தொட்டு வரும் வாயுவில் நீராவி சேரும், 30 டிகிரியில் அது சுமார் 4 சதவீதம். அதைக் கழித்துத்தான் ஹைட்ரஜனை எழுத வேண்டும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் விட்டுவிட முடியாது.

உள்ளே 2, 3, 4, 5 பார் என்று மாற்றி ஒவ்வொன்றிலும் ஓட்டத்தை அளந்து, வர்க்கமூல வித்தியாசத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். நேர்கோடாக வந்தால் உலோகத்துக்குள் ஊர்வதுதான் வேகத்தை முடிவு செய்கிறது, எல்லாம் நலம். கோடு மேல்நோக்கி வளைந்தால் மேற்பரப்பு அழுக்காக இருக்கலாம், தாங்கல் வட்டு தடுக்கலாம், அல்லது ஓட்டை வழியாக வாயு போகலாம். எது என்று கண்டுபிடிக்க நைட்ரஜன் கசிவுதான் சாட்சி.

கலவை வாயுவை விடும்போது

இதுவரை ஓட்டியது தூய ஹைட்ரஜன். இப்போது பாதிக்குப் பாதி ஹைட்ரஜனும் நைட்ரஜனும் உள்ள கலவை சிலிண்டரை மாட்டுங்கள். ஓட்டம் விழும், பயப்பட வேண்டாம். சவ்வுக்குத் தெரிவது மொத்த அழுத்தம் இல்லை, ஹைட்ரஜனின் பங்கு அழுத்தம் மட்டும்தான். 5 பார் கலவையில் அது இரண்டரை பார்.

இன்னொரு விஷயமும் உண்டு, இதைப் புரிந்துகொண்டால் பாதி டிசைன் முடிந்த மாதிரி. வெளிப்பக்கம் 1 பார் தூய ஹைட்ரஜன் நிற்கிறது. உள்பக்கம் ஹைட்ரஜன் பங்கு 1 பாருக்கு இறங்கியதும் தள்ளும் விசை தீர்ந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு பெரிய சவ்வு போட்டாலும் ஒரு துளி வராது. 5 பார் கலவையில் 1 பார் என்றால் 20 சதவீதம். 100 பங்கு வாயுவில் 50 நைட்ரஜன், அது அப்படியே நிற்கும். மிச்ச வாயுவில் அது 80 சதவீதம் என்றால் மொத்தம் 62.5, ஹைட்ரஜன் 12.5 பங்கு. ஆக 50இல் 37.5 பங்கைத்தான் எடுக்க முடியும், அதாவது 75 சதவீதம். இதையே 10 பாரில் ஓட்டினால் கிட்டத்தட்ட 89 சதவீதம் எடுக்கலாம். கலவையில் இருந்து எடுக்கும் ஹைட்ரஜன் குறைகிறதே என்று சவ்வைக் குறை சொல்லும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அழுத்தத்தை ஏற்ற வழியில்லை என்றால் வெளிப்பக்கத்தை வேக்குவம் பம்பால் இழுக்கலாம்.

கணக்கில் வரும் ஓட்டத்தைவிடவும் குறைவாக வந்தால், சவ்வை ஒட்டிய அடுக்கில் ஹைட்ரஜன் தீர்ந்து நைட்ரஜன் போர்வை மாதிரி படர்ந்திருக்கிறது. வாயுவின் வேகத்தைக் கூட்டுங்கள், உள்ளே வாயு போகும் இடைவெளியைக் குறுக்குங்கள்.

எது சவ்வைக் கெடுக்கும்

முதல் எதிரி கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மேற்பரப்பில் பல்லேடியம் சல்பைடு படிந்துவிடும். வீட்டு கேஸ் சிலிண்டரின் எல்.பி.ஜி.யை ரிஃபார்ம் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: கசிவு தெரிவதற்காக அதில் சேர்க்கும் அந்த நாற்றமே மெர்காப்டன், அதுவும் கந்தகம்தான். கோயம்பேடு காய்கறிக் கழிவில் இருந்து வரும் பயோகேஸாக இருந்தாலும் இதே கதை. சவ்வுக்கு முன்னால் 350 முதல் 400 டிகிரி வரை சூடான ஜிங்க் ஆக்சைடு படுகையைப் போட்டால் கந்தகத்தை அது பிடித்துக்கொள்ளும்.

கார்பன் மோனாக்சைடு மேற்பரப்பில் உட்கார்ந்து ஹைட்ரஜனுக்கு இடம் விடாது. 300க்குக் கீழே இது மோசம், 400இல் அவ்வளவாகத் தெரியாது. ஆக்சிஜன் கலந்த வாயுவை ஒருபோதும் விடாதீர்கள், பல்லேடியம் அருமையான வினையூக்கி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தன் மேலேயே எரிக்கும். பழைய கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் பாதரச மேனோமீட்டர் தொங்கும். அதை இந்த லைனில் இணைக்கவே வேண்டாம், பாதரச ஆவி பல்லேடியத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

தொடக்கத்துக்கு எந்த வாயு நல்லது என்று கேட்டால், அம்மோனியாவை உடைத்து வருவது. 75 சதவீதம் ஹைட்ரஜன், 25 நைட்ரஜன், கந்தகமும் இல்லை, கார்பனும் இல்லை. உடையாமல் மிஞ்சிய அம்மோனியாவை மட்டும் முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

கரண்ட் போனால்

400 டிகிரியில் ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், ஃபர்னஸ் ஆறும், உள்ளே ஹைட்ரஜன் அப்படியே நிற்கும், 300ஐத் தாண்டிக் கீழே இறங்கும். எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அது யாரும் தொடாமலே நடந்துவிடும். கோடையில் ஃபேஸ் போவதும் மழையில் லைன் போவதும் சென்னைக்குப் புதிதில்லை, அதனால் இதை முதல் நாளே யோசித்து வையுங்கள்.

ஹைட்ரஜன் லைனில் போடும் சோலினாய்டு வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். நைட்ரஜன் லைனில் இருப்பது மின்சாரம் இல்லாதபோது திறந்துகொள்ளும் வகை. கடையில் கேட்கும்போது இந்த இரண்டையும் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள், மாற்றி மாட்டினால் பாதுகாப்பே ஆபத்தாகிவிடும். வெளிப்பக்கத்துக்கும் தனியாக நைட்ரஜன் வர வேண்டும். பலர் உள்பக்கத்தை மட்டும் அலசிவிட்டு, வெளிப்பக்கம் முழுக்க நிற்பது தூய ஹைட்ரஜன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு சோதனை. ஹைட்ரஜன் இல்லாமல், நைட்ரஜனில் மட்டும் 400க்கு ஏற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 320க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் நைட்ரஜன் ஓட்டம் அந்த நேரத்துக்குள் இரண்டு பக்கத்தின் கொள்ளளவையும் பத்து தடவையாவது அலசிவிட வேண்டும். முடியவில்லை என்றால் ஓட்டத்தைக் கூட்டுங்கள் அல்லது ஃபர்னஸைச் சுற்றிச் செராமிக் கம்பளியை இன்னும் தடிமனாகச் சுற்றுங்கள்.

நிறுத்துவது

ஏற்றியதற்கு அப்படியே எதிர்வரிசை. 400இலேயே ஹைட்ரஜனை மூடுங்கள், வெளிப்பக்க அழுத்தத்தை முதலில் இறக்குங்கள், அப்புறம் உள்பக்கம். இரண்டு பக்கமும் நைட்ரஜன் விட்டு அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், உலோகத்துக்குள் கரைந்திருப்பதும் வெளியே வர வேண்டும். வெளியேறும் வாயுவில் டிடெக்டர் எதுவும் காட்டவில்லை என்றான பிறகுதான் ஃபர்னஸை அணைப்பது. நைட்ரஜனிலேயே அறை வெப்பநிலை வரை ஆறட்டும். முதல்முறை ஆறியதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள், கிராஃபைட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

நாளடைவில் ஓட்டம் குறைந்து, நைட்ரஜன் கசிவு மட்டும் அப்படியே இருந்தால் மேற்பரப்பில் கரி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். நைட்ரஜனில் நன்றாக அலசி, உள்ளே ஹைட்ரஜன் துளியும் மிஞ்சவில்லை என்று உறுதியான பிறகு, 350 டிகிரியில் சில நிமிடம் காற்றை விட்டால் கரி எரிந்துபோகும். மறுபடி நைட்ரஜன், அப்புறம்தான் ஹைட்ரஜன். நடுவில் நைட்ரஜன் இல்லாமல் காற்றில் இருந்து ஹைட்ரஜனுக்கு நேராக மாற்றுவது வெடிவிபத்தை அழைப்பது.

ஓட்டத்தோடு நைட்ரஜன் கசிவும் ஏறிவிட்டது என்றால் அந்த ஃபாயிலின் ஆயுள் முடிந்தது. குப்பையில் போடாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் தேதி, கலவை விகிதம், எடை எழுதிச் சேர்த்து வையுங்கள். விலைமதிப்புள்ள உலோகங்களைச் சுத்திகரிப்பவர்கள் பல்லேடியத்தின் எடைக்கு விலை தருவார்கள், கலவை விகிதம் எழுதியிருந்தால் பேரம் பேச உங்களிடம் ஏதாவது இருக்கும், இல்லாவிட்டால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.